கூரைத் தண்ணீர் சொட்டிய இடத்தில் பிறந்த ஒரு சொல்



என்னிடம் படித்து இப்போது தானும் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண், போன வாரம் வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "சார், இது உண்மைதானா? வகுப்பில் சொல்லலாமா?" என்று கேட்டிருந்தாள். ஆங்கிலத்தில் 'ஈவ்ஸ்டிராப்' என்று ஒரு வினைச்சொல் உண்டல்லவா, பிறர் பேசுவதை மறைந்து நின்று ஒட்டுக்கேட்பது? அந்தச் சொல் எட்டாம் ஹென்றி மன்னரால் வந்ததாம். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், கூரையின் உட்புறம் மரத்தில் மனித முகங்களைச் செதுக்கி, கீழே விருந்து உண்பவர்களை அவை எட்டிப் பார்ப்பதுபோல் வைத்தாராம். 'நீங்கள் பேசுவதெல்லாம் என் காதுக்கு வரும்' என்று அரசவையினரை மிரட்டுவதற்காம். அந்தப் பொம்மைகளின் பெயரிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது என்று முடிகிறது செய்தி.

பொம்மைகள் இருப்பது உண்மை. இன்றும் போய்ப் பார்க்கலாம். அவற்றுக்கு அந்தப் பெயர் வழங்குவதும் உண்மை. ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போயிற்று. சரி, எல்லோருக்குமே ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். தேர்வு எதுவும் வைக்க மாட்டேன்!

முதலில் சொல்லைப் பிரிப்போம். ஈவ்ஸ் என்றால் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு. நம் ஊர்ப்பக்கம் இறவாணம் என்போம், சில ஊர்களில் இறவாரம். கதிர் அரிவாளையும் பழைய கடிதத்தையும் சொருகி வைத்த இடம். கான்கிரீட் வீட்டில் வளர்ந்த என் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ்ச் சொல்லையே விளக்க வேண்டியிருக்கிறது, அப்புறமல்லவா ஆங்கிலம்! டிராப் என்றால் சொட்டு. இரண்டும் சேர்ந்தால், கூரை விளிம்பிலிருந்து விழும் மழைநீர்ச் சொட்டு. அவ்வளவுதான். இதில் ஒட்டுக்கேட்பது எங்கே வந்தது? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஓர் இலக்கண வேடிக்கை. ஈவ்ஸ் என்பதன் கடைசியில் உள்ள 'எஸ்' பன்மை விகுதி அல்ல. பழைய ஆங்கிலத்தில் அது 'எஃபெஸ்' என்று ஒருமைச் சொல்லாகவே இருந்தது. 'எஸ்' பகுதியிலேயே சேர்ந்தது. நாளடைவில் மக்கள் அதைப் பன்மை என்று எண்ணிக்கொண்டு, ஒருமைக்கு 'ஈவ்' என்று புதிதாக ஒன்றை வெட்டியெடுத்தார்கள். பட்டாணியைக் குறிக்கும் 'பீ' என்ற சொல்லும் இப்படித்தான் வந்தது. முன்பு 'பீஸ்' என்பதே ஒருமை. செர்ரிப் பழத்தின் பெயரும் பிரெஞ்சிலிருந்து வந்தபோது இதே வகையில் தன் வாலை இழந்தது. என் வகுப்பில் 'எஸ்' போட மறந்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

இப்போது கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் என்று ஒரு பகுதி. அங்கே 868-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு நிலப் பட்டயம் இருக்கிறது. அதில்தான் இந்தச் சொல்லின் மூதாதையைப் பார்க்கிறோம். அப்போது அது 'டிராப்' அல்ல, 'டிரிப்' என்பதன் பழைய வடிவம். ஊர் வழக்கப்படி கூரைச் சொட்டுக்காக இரண்டடி இடம் மட்டும் விட்டால் போதும் என்பது அந்தப் பட்டயம் சொல்லும் செய்தி. அதாவது இந்தச் சொல் முதன்முதலில் நம் கண்ணில் படுவது ஒரு நில எல்லைக் கணக்கில்.

ஏன் இரண்டடி? அந்தக் காலத்து வீட்டை மனதில் கொண்டுவாருங்கள். வேய்ந்த கூரை. குச்சிகளைப் பின்னி மண் பூசிய சுவர். தண்ணீரைப் பிடித்து இறக்கும் தகரக் குழாய் எதுவும் கிடையாது. மழைநீர் சுவரில் வழிந்தால் சுவர் கரைந்துவிடும். அதனால் கூரையை வெளியே நீட்டி, தண்ணீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழும்படி செய்வார்கள். நீட்டிய கூரை பக்கத்து வீட்டுக்காரன் மனைக்குள் சொட்டினால்? அவன் சுவர் கரையும், அவன் தானியம் நனையும். கூரைத் தண்ணீருக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் நம் ஊரிலேயே உண்டு, நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே உன் கூரைத் தண்ணீர் உன் மண்ணிலேயே விழட்டும், அதற்கு இடம் விட்டுக் கட்டு என்பது வழக்கமாயிற்று.

இது ஆங்கிலேயரின் தனிக் கண்டுபிடிப்பும் அல்ல. அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், வீட்டைச் சுற்றி இரண்டரை அடி இடம் விட வேண்டும் என்று இருந்தது. பிற்கால ரோமச் சட்டத்தில் கூரைச் சொட்டுக்கு 'ஸ்டில்லிசிடியம்' என்று தனிப் பெயரே உண்டு. பக்கத்து வீட்டு நிலத்தில் என் கூரைத் தண்ணீரை விழவிடும் உரிமையைப் பேசித் தீர்த்து வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மன் மொழியில் இந்தச் சொட்டும் விளிம்புக்கு 'டிராஃபே' என்று பெயர். நாம் சட்டிக்குத் தப்பி நெருப்பில் விழுந்தாற்போல என்கிறோமே, அதற்கு அவர்கள் மழைக்குத் தப்பி டிராஃபேயின் கீழ் போனதுபோல என்பார்கள். நனைந்தவருக்குத்தான் அந்தப் பழமொழியின் அருமை தெரியும்.

இந்த இரண்டடி மண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. இது சொல்லின் வரலாற்றோடு நேரே சேர்ந்ததல்ல. ஆனாலும் படித்த நாளிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதியில் ராண்ட்ஸ் என்னும் ஊரில், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சிறு தேவாலயத்தையும் அதன் இடுகாட்டையும் தோண்டி ஆராய்ந்தார்கள். பெரியவர்களின் கல்லறைகள் தள்ளித் தள்ளி இருக்க, கைக்குழந்தைகளின் எலும்புகள் தேவாலயச் சுவரை ஒட்டியே நெருக்கமாகக் கிடந்தன. சரியாகக் கூரைத் தண்ணீர் விழும் வரிசையில். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வேறு இடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இப்படிக் கிடைத்த குழந்தைகளுக்கு 'டிராஃபே' என்ற அந்தச் சொல்லை வைத்தே, கூரைச் சொட்டுக் குழந்தைகள் என்று பெயர். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த பிள்ளைகளுக்கு, புனிதமான கூரையில் பட்டு விழும் மழைநீராவது அந்தக் குறையைத் தீர்க்கட்டும் என்று பெற்றோர் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரு தாய்க்கு அந்த இரண்டடி மண் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, சொல்லுக்குத் திரும்புவோம்.

சுவருக்கும் சொட்டுக் கோட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கில் மழை பெய்தாலும் நனையாமல் நிற்கலாம். கூரை நிழலில் ஆள் தெரியாது. சுவரோ மண் சுவர். சன்னலில் கண்ணாடி கிடையாது. சாதாரணக் குடியானவன் வீட்டுச் சன்னலுக்குக் கண்ணாடி வந்தது வெகு காலம் கழித்துத்தான். உள்ளே கணவனும் மனைவியும் பேசுவது வெளியே நிற்பவன் காதில் தெளிவாக விழும். அப்படி நிற்பவனுக்குக் கூரைச் சொட்டின் பெயரையே வைத்தார்கள். சொட்டில் நிற்பவன், ஈவ்ஸ்டிராப்பர்.

15-ஆம் நூற்றாண்டு நீதிமன்றக் குறிப்புகளில் இந்த ஆசாமி வந்துவிடுகிறார். 1487-இல் நாட்டிங்ஹாம் நகரத்துக் குறிப்பு ஒன்றில் ஓர் ஆளைப் பற்றி, அவன் வழக்கமாகவே கூரைச் சொட்டில் நிற்பவன், இரவில் அலைபவன் என்று குற்றம் பதிந்திருக்கிறார்கள். எழுத்து முழுக்க லத்தீன். நடுவில் இந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலம். லத்தீனில் அதற்குச் சொல் தேடி எழுத்தர் சலித்துப்போனார் போலும். நம் ஊர்ப் பழைய பத்திரங்களிலும் இப்படித்தானே, ஜமாபந்தி, வாய்தா என்று கச்சேரிச் சொற்களுக்கு நடுவில் வரப்பும் வாய்க்காலும் மட்டும் சுத்தத் தமிழில் நிற்கும்.

இந்த ஹென்றி கதையை இங்கேயே முடித்துவிடலாம். எட்டாம் ஹென்றி பிறந்தது 1491. ஹாம்ப்டன் கோர்ட்டின் அந்தப் பெரிய மண்டபம் கட்டப்பட்டது 1532 முதல் 1535 வரை. அவர் பிறப்பதற்கு நாலு ஆண்டுகள் முன்பே நாட்டிங்ஹாமில் ஒருவன் இந்தச் சொல்லால் குற்றவாளிக் கூண்டில் நின்றாகிவிட்டது. வகுப்பில் இதைத் தாராளமாகச் சொல்லலாம் அம்மா. இரண்டு ஆண்டுகளை எடுத்துக் கழித்துப் பார்த்தாலே பாதி வாட்ஸப் வரலாறு உதிர்ந்துவிடும்.

இனி, எதற்காக இது குற்றம்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அன்றைய இங்கிலாந்துக் கிராமங்களில் 'லீட்' என்று ஓர் ஊர் நீதிமன்றம் இருந்தது. ஊராரிலேயே சிலர் சத்தியம் செய்து உட்கார்ந்து, ஊருக்கு இடைஞ்சல் செய்பவர்களின் பெயரைச் சொல்வார்கள். சாக்கடையை அடைத்தவன், எடை குறைத்து விற்றவள், வேலியைப் பிடுங்கியவன், இவர்களோடு ஒட்டுக்கேட்பவனும் வருவான். பெரும்பாலும் அவனோடு இன்னும் இரண்டு பேர் கூட்டு. ஒன்று, இரவில் காரணமில்லாமல் சுற்றுபவர். மற்றொன்று, ஓயாமல் வாய்ச்சண்டை போடுபவர். இந்த மூன்றாவது குற்றச்சாட்டு பெரும்பாலும் பெண்கள் மீதுதான் விழுந்தது. அவர்களை நாற்காலியில் கட்டித் தண்ணீரில் முக்கும் தண்டனைகூட இருந்தது. ஆண் பேசினால் கருத்து, பெண் பேசினால் குற்றம். அந்த ஊரிலும் அப்படித்தான்.

பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றி எழுதிய நூலின் நான்காம் தொகுதி 1769-இல் வந்தது. அதில் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார். சுவர், சன்னல், கூரை விளிம்பு ஆகியவற்றின் கீழ் நின்று பேச்சைக் கேட்பது, அதை வைத்து அவதூறும் கலகமும் மூட்டும் கதைகளைக் கட்டுவது, இவை இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பொதுத்தொல்லை என்கிறார். அபராதம் உண்டு. இனி ஒழுங்காக இருப்பேன் என்று பிணையும் கொடுக்க வேண்டும். நான் இதில் கவனித்தது ஒன்று. காதில் தற்செயலாக விழுந்ததற்குத் தண்டனை இல்லை. கேட்டதைத் திரித்துக் கொண்டுபோய்ப் பத்து வீட்டில் பற்றவைப்பதுதான் அவர்களை உறுத்தியது. அத்தனை பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து ஒரே மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் ஊரில், ஒரு பொய்க் கதை என்ன பாடு படுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று நம்மவர்கள் பேசுபவனுக்குப் புத்தி சொன்னார்கள். அவர்கள் கேட்பவனைப் பிடித்து அபராதம் போட்டார்கள். என் ஓட்டு அவர்கள் பக்கம். வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசியது என் தவறு என்று ஏன் ஆக வேண்டும்?

இத்தனை நேரமும் நான் பெயர்ச்சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தீர்களா? முதலில் இடம், அப்புறம் அங்கே நிற்கும் ஆள். வினைச்சொல் இன்னும் பிறக்கவில்லை! 'ஈவ்ஸ்டிராப்' என்று வினையாக அது எழுத்தில் வருவது 1606-இல்தான். சாதாரணமாக நாம் சொல்லிக்கொடுப்பது என்ன? முதலில் வினை, அதிலிருந்து செய்பவன். பாடு, பாடகன். ஆடு, ஆட்டக்காரன். இங்கே தலைகீழ். ஈவ்ஸ்டிராப்பர் என்ற ஆள் முதலில் வந்தான். அவன் பெயரிலிருந்து கடைசி விகுதியைக் கழற்றி, அவன் செய்யும் காரியத்துக்குப் பெயராக்கினார்கள். பின்னோக்கிய ஆக்கம் என்று இதைச் சொல்லலாம். பத்திரிகை ஆசிரியரைக் குறிக்கும் 'எடிட்டர்' 17-ஆம் நூற்றாண்டுச் சொல். 'எடிட்' என்ற வினை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகிறது. வீடு புகுந்து திருடுபவனைக் குறிக்கும் 'பர்க்ளர்' பல நூற்றாண்டு பழையவன். அவன் செய்யும் 'பர்கிள்' 19-ஆம் நூற்றாண்டுப் பிள்ளை. அதுவரை அவன் பெயர் இருந்தது, தொழிலுக்கு வினை இல்லை.

அந்தச் சமயத்தில் சொல் வீட்டை விட்டே வெளியேறிவிட்டது என்பதற்கு ஷேக்ஸ்பியரே சாட்சி. 1597-இல் அச்சான 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தில், போருக்கு முந்தைய இரவு அரசன் ரிச்சர்டு தன் வீரர்களின் கூடாரங்களின் அருகே போய் ஒட்டுக்கேட்கப் போவதாகச் சொல்கிறான். யார் தன்னை விட்டு ஓடப் பார்க்கிறார்கள் என்று அறிய வேண்டுமாம். அங்கே அவன் பயன்படுத்துவது இந்தச் சொல்லைத்தான். துணிக் கூடாரத்துக்கு இறவாணம் ஏது, இரண்டடி மண் ஏது? தண்ணீர் வற்றிவிட்டது, கேட்பது மட்டும் மிஞ்சியது. அரசனே தன் படையின் சுவரோரம் நிற்கும் ஆளாகிவிட்டான் என்பதில் நாடகக்காரரின் குறும்பும் இருக்கிறது.

அரசு ஒட்டுக்கேட்பது என்றதும் நாம் நேராக 20-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடலாம். நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் கூரைச் சொட்டில் நின்று கேட்கும் பழைய குற்றத்தை 1967-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவு ஒழித்தது. வாய்ச்சண்டைக்காரி, இரவில் அலைபவர் ஆகிய பழைய கூட்டாளிகளையும் அதே பிரிவு சேர்த்தே வழியனுப்பிவைத்தது. யாருக்கும் தேவைப்படாத பழைய குற்றம் என்று கழித்துக் கட்டினார்கள். ஆனால் அதே 1967-இல், கடலுக்கு அப்பால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சொல் உயிரோடு எழுந்து நின்றது.

அதற்கு முன்கதை உண்டு. 1928-இல் ஓம்ஸ்டெட் வழக்கு. சியாட்டில் நகரில் மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்திய கும்பலின் தொலைபேசிக் கம்பியில் அரசு ஆட்கள் வெளியிலிருந்தே இணைப்புப் போட்டுக் கேட்டார்கள். வீட்டுக்குள் யாரும் நுழையவில்லையே, அதனால் இது சோதனை ஆகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. 1942-இல் இன்னொரு வழக்கில், பக்கத்து அறையிலிருந்து சுவரில் ஒரு கருவியை ஒட்டவைத்துக் கேட்டார்கள். சுவரைத் துளைக்கவில்லையே, அதனால் சரி. 1961-இல் ஓரடி நீள ஆணி வடிவ ஒலிவாங்கியைப் பொதுச் சுவரில் செருகினார்கள். அது சுவருக்குள் போய்விட்டதால் தவறு! பார்த்தீர்களா, மறுபடியும் சுவர், அடிக்கணக்கு. கென்ட் பட்டயத்தை எழுதியவர் வந்திருந்தால் இந்த வாதம் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

1967 ஜூன் மாதம் பெர்கர் வழக்கில், ஒட்டுக்கேட்க அனுமதி தரும் நியூயார்க் மாநிலச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்பெழுதிய நீதிபதி கிளார்க், பிளாக்ஸ்டோனைச் சுட்டி, கூரை விளிம்பின் கீழ் வெறும் காதோடு நின்ற பழைய ஆளிடமிருந்துதான் கதையைத் தொடங்குகிறார். டிசம்பரில் காட்ஸ் வழக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் பொதுத் தொலைபேசிக் கூண்டின் மேல், வெளிப்புறமாக, காவலர்கள் ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். சுவரைத் துளைக்கவில்லை. இருந்தாலும் தவறு என்றது நீதிமன்றம். காக்கப்பட வேண்டியது இடத்தை அல்ல, ஆளை என்று முடிவானது. மறுத்தவர் ஒருவரே, நீதிபதி பிளாக். அவர் வாதமும் சும்மா தள்ளிவிடக்கூடியதல்ல. ஒட்டுக்கேட்பது பழங்காலத்திலேயே எல்லோரும் அறிந்த வழக்கம், அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கும் தெரியும், தடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அதை எழுதியிருப்பார்களே என்றார். ஒரே பழஞ்சொல், இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக நின்றது. சொல்லாராய்ச்சி வேலையற்றவர் வேலை என்று என்னைக் கேலி செய்யும் மைத்துனர்கள் கவனிக்க!

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு 1996-இல் வரம்பு கட்டியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். புட்டசாமி வழக்கு என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். அந்தத் தீர்ப்பிலும் ஓம்ஸ்டெட், காட்ஸ் வழக்குகள் அலசப்பட்டிருக்கின்றன.

தமிழில் நாம் ஒட்டுக்கேட்பது என்கிறோம். ஆங்கிலச் சொல் ஆள் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது. நம் சொல் அவன் நிற்கும் நிலையைப் பார்க்கிறது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதைப் பொருத்திக்கொண்டு. எந்தச் சொல் மேல் என்று கேட்டால் நம்முடையதுதான் என்பேன், தமிழ் ஆள் ஆயிற்றே. 1942-இல் சுவரில் ஒட்டவைத்த அந்தக் கருவிக்கும் அது அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. ரகசியக் குறியீட்டுப் பாடங்களில் ஆலிஸ், பாப் என்று இருவர் வருவார்கள். 1978-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர்கள் அவை. பின்னால் அந்தப் பாடங்களில் இருவருக்கும் இடையில் புகுந்து செய்தியைத் திருட்டுத்தனமாகக் கேட்க ஒருத்தி சேர்ந்தாள். அவள் பெயர் ஈவ். ஆதாம் மனைவி என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஈவ்ஸ்டிராப்பர் என்பதன் முதல் துண்டு அவள். இங்கேயும் அந்த 'எஸ்' காணாமல் போயிருக்கிறது.